பட்டாசு ஆலை விபத்துக்கு யார் பொறுப்பு?

சாத்தூரான்: விபத்து நடந்த மறுநாள் செய்தியில் ஒரே வரிதான்: "வெடிமருந்துக் கலவையில் உராய்வு ஏற்பட்டு வெடித்தது." அந்த அறையில் எத்தனை பேர் இருந்தார்கள், ஆலையை உண்மையில் ஓட்டியது யார் என்று யாருமே கேட்பதில்லை. 2021 பிப்ரவரியில் சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அங்கே உரிமம் ஒருவர் பெயரில், அறைகளைக் குத்தகைக்கு எடுத்து ஓட்டியவர்கள் வேறு ஆட்கள்.

சிவகாசிக்காரன்: எல்லா ஆலையையும் ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள். எங்கள் குடும்பமும் சின்ன ஆலை நடத்துகிறது. போர்மேன் தினமும் காலையில் பாதுகாப்பு விதிகளைச் சொல்லித்தான் வேலையை ஆரம்பிக்கிறார். ஆனாலும் சாயங்காலம் மீந்த மருந்தை அழிக்கச் சொன்னால், மறுநாளைக்கு ஆகும் என்று தொழிலாளர்கள் ஒளித்து வைக்கிறார்கள். அலுமினியப் பவுடர் கலந்த மருந்தில் ஈரம் பட்டால் தானாகவே சூடேறும் என்று தெரிந்தும் செய்கிறார்கள். இதற்கு முதலாளி என்ன செய்ய முடியும்? ஆலைக்குச் சீல் வைத்தால் முதலில் பட்டினி கிடப்பது அவர்கள்தான். மழையை நம்பிய கரிசல் காடு இது, வேறு என்ன வேலை இருக்கிறது?

சாத்தூரான்: அண்ணாச்சி, ஏன் ஒளித்து வைக்கிறார்கள்? செய்து முடிக்கும் பட்டாசின் எண்ணிக்கைக்குத்தான் கூலி. மருந்தை அழித்தால் மறுநாள் புதிதாகக் கலக்கும் வரை கை சும்மா இருக்கும், அந்த நேரத்துக்கு யாரும் காசு தருவதில்லை. ஓர் அறைக்கு நாலு பேர் என்ற விதியும் தீபாவளி ஆர்டர் நெருங்கும்போது இப்படித்தான் உடைகிறது. இடம் போதாமல் மரத்தடியில் உட்கார்ந்து மருந்து செலுத்துவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவசரத்தை உண்டாக்கியது கூலிமுறை. பழி மட்டும் செத்தவர் மேலா?

சிவகாசிக்காரன்: எண்ணிக்கைக் கூலிக்குப் பதிலாக நாள் சம்பளம் என்றால் வேகமாகச் செய்பவர்கள் வேறு ஆலைக்குப் போய்விடுவார்கள். அனுபவத்தில் சொல்கிறேன்.

திரிக்காரி: என் அம்மா பட்டாசு ஆலையில் திரி வெட்டியவர், அதனால் சொல்கிறேன். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி பக்கம் முதலிப்பட்டியில் நடந்த ஆலை வெடிப்பை மறந்துவிட்டீர்களா? உரிமம் நிறுத்திவைக்கப்பட்ட ஆலையில்தான் அன்று வேலை நடந்தது. காப்பாற்ற ஓடிய ஊர்க்காரர்களும் அடுத்தடுத்த வெடிப்பில் செத்தார்கள். உரிமத்தை நிறுத்தி உத்தரவு போட்ட அதிகாரிகள் கதவைப் பூட்டவில்லை. கூலியை மாற்றினாலும், பார்வையிட வருபவர் தாளை மட்டும் பார்த்துவிட்டுப் போனால் என்ன பயன்?

சாத்தூரான்: ஒப்புக்கொள்கிறேன். அதோடு, உரிமம் வாங்கியவர் ஆலையை வேறு ஆட்களுக்கு உள்குத்தகைக்கு விட்டால் உரிமத்தை நிரந்தரமாக ரத்து செய்ய வேண்டும். அண்ணாச்சி, இதையாவது நீங்கள் ஆதரிப்பீர்களா?

சிவகாசிக்காரன்: உள்குத்தகை விஷயத்தில் உங்கள் பக்கம்தான். விதிப்படி நடத்துகிற எங்கள் விலையை உடைப்பதே உள்குத்தகைக்காரர்கள்தான். நாள் சம்பளத்தை மட்டும் ஏற்க மாட்டேன்.