அனுமதி தருவது யார்? ‘கேட்புக் காரணம்’ என்ற சொல்லுக்காக

நண்பர்களுக்கு வணக்கம்.

செயலி ஒன்று கேமராவையோ இருப்பிடத்தையோ கேட்கும்போது, எதற்காகக் கேட்கிறது என்று சொல்லும் வரிக்குத் தமிழில் ‘அனுமதி விளக்கம்’ என்ற பெயர் போதும் என்றார் ஒரு நண்பர். எனக்கு ஒப்பவில்லை.

போன வாரம் பாலக்கோட்டில் சித்தி வீட்டில் இருந்தேன். தக்காளி விலை பார்க்க ஒரு செயலி வைத்திருக்கிறார். திறந்ததும் அது இருப்பிடம் கேட்டது. படிக்காமலே ‘அனுமதி’யை அழுத்தினார்.

“ஏன் சித்தி குடுத்தீங்க?”

“நான் எங்க குடுத்தேன்? அவங்கதான உள்ள போக அனுமதி குடுக்கறாங்க!”

சிக்கல் முழுவதும் இந்தப் பதிலில் இருக்கிறது. அனுமதி என்றால் தாலுகா ஆபீசில் மனுவோடு நின்று நாம் வாங்குவது. திரையிலோ மனுப் போடுவது செயலி, கொடுப்பவர் சித்தி. போதாததற்கு ‘அனுமதி’ பெயர்ச்சொல்லாகவும் வரும், ஏவலாகவும் வரும். பொத்தானில் அது எதுவென்று யாருக்குத் தெரியும்? ‘இசைவு’ அழகான சொல்தான், ஆனால் கேட்பவரின் பொறுப்பு அதில் இல்லை.

அதனால் செயலி கேட்பதற்கு ‘அனுமதிக் கேட்பு’, எதற்காக என்று சொல்லும் வரிக்குக் ‘கேட்புக் காரணம்’ என்று முன்மொழிகிறேன். வங்கியில் கேட்பு வரைவோலை (டிமாண்ட் டிராஃப்ட்) எடுத்தவர்களுக்குக் ‘கேட்பு’ பழகிய சொல். ‘விளக்கம்’ என்றால் பத்தி பத்தியாக எழுதத் தோன்றும். ‘காரணம்’ ஒரு வரியில் முடியும்.

அந்த ஒரு வரி எங்கே வருகிறது என்பதும் முக்கியம். ஐபோனில் கேட்கும் பெட்டிக்குள்ளேயே வரும். ஆண்ட்ராய்டுப் பெட்டியில் நம் வரிக்கு இடமில்லை, முன்னதாகத் தனித் திரையில் காட்ட வேண்டும். 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6.0-க்கு முன் எல்லா அனுமதியையும் நிறுவும்போதே மொத்தமாகக் கொடுத்துவிட வேண்டியிருந்தது. இப்போது தேவைப்படும்போது கேட்கலாம். ஆனால் 2020-இன் ஆண்ட்ராய்டு 11 முதல், இருமுறை மறுத்துவிட்டால் பெட்டி மறுபடி வராது. காரணத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

சித்திக்கு ஒரு தாளில் எழுதிக் காட்டினேன்: “பக்கத்து மண்டி விலையைக் காட்ட உங்கள் இருப்பிடம் வேண்டும். தராவிட்டால் ஊர்ப் பெயரைத் தட்டிப் பார்க்கலாம்.” கீழே ‘தருகிறேன்’, ‘தர மாட்டேன்’ என்று இரண்டு கட்டம்.

எழுத்துக் கூட்டி வாசித்தார். “ஊர்ப் பேரு போட்டாலே வருமா? அப்ப எதுக்குக் குடுக்கணும்?” என்று இரண்டாம் கட்டத்தில் விரல் வைத்தார்.