போரோ மணிக்கு எந்த பீட் ரிலீஸ்? பூச்சு மேல் தப்பா, கை மேல் தப்பா?

புதுச்சுடர்:
வணக்கம். மூன்று வருடமாக 104 வகை மென்கண்ணாடியில் (குறைந்த சூட்டிலேயே இளகுவது) கோர்க்கிற கண்ணாடி மணி செய்கிறேன். போன மாதம்தான் போரோவுக்கு (போரோசிலிகேட் கண்ணாடி) வந்தேன். பழைய பீட் ரிலீஸ் (மணி ஒட்டாமல் கழன்று வரக் கம்பியில் பூசுகிற பூச்சு), மணியைச் சுற்ற பழைய 1.6 மி.மீ. ஸ்டெயின்லெஸ் கம்பி, டார்ச் மட்டும் புதிது. பத்து மணி சுற்றினேன். ஆறில் பூச்சு பாதி வேலையிலேயே உடைந்து, மணி கம்பியில் சக்கரம் மாதிரி தனியாகச் சுழன்றது. இரண்டில் பூச்சுத் துணுக்கு பெயர்ந்து கண்ணாடிக்குள் போய்விட்டது. தெளிவான மணி, உள்ளே சாம்பல் தூவியது போல இருக்கிறது. மீதி இரண்டு கம்பியை விட்டு வரவே இல்லை. போரோவுக்கென்று விற்கிற கெட்டிப் பூச்சுக்கு மாற வேண்டுமா, இல்லை என் கைதான் சரியில்லையா? நேராகச் சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

உருக்குகோல்:
மாற்றுங்கள். இதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

பூச்சில் இருப்பது அடிப்படையில் இரண்டு சரக்கு: களிமண், அலுமினா. கம்பியைக் கவ்விப் பிடிப்பது களிமண். கண்ணாடி ஒட்டாமல் பார்த்துக்கொள்வது அலுமினா. அது உருக 2000 டிகிரிக்கு மேல் வேண்டும், நம் சுடரை அது சட்டை செய்யாது. சிலர் கொஞ்சம் கிராஃபைட்டும் சேர்ப்பார்கள். மென்கண்ணாடி தேன் மாதிரி இறங்கி உட்கார்ந்துவிடும், பூச்சை இழுக்காது. போரோ அப்படியா? 820 டிகிரி வாக்கில்தான் அது இளகவே தொடங்கும், சரளமாகச் சுற்ற இன்னும் பல நூறு டிகிரி ஏற்ற வேண்டும். விறைப்பான கண்ணாடியைக் கம்பியில் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் பூச்சை முறுக்குகிறீர்கள். மேலும், மென்கண்ணாடி மணி பத்து நிமிடத்தில் முடிந்தால் அதே அளவு போரோ மணிக்கு அரை மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரம் தாங்க களிமண் கூடுதலாக உள்ள பூச்சுதான் வேண்டும்.

மெல்லக்காய்ச்சி:
உருக்குகோல் அண்ணே, நீங்கள் சொன்ன காரணம் எல்லாம் சரி. முடிவுதான் தப்பு.

புதுச்சுடர் எழுதியதில் எனக்கு உறுத்தியது "1.6 மி.மீ." என்பதுதான். போரோ சுடரில் அவ்வளவு மெல்லிய கம்பி ஆரஞ்சு நிறத்துக்கு வந்தால் ஈர்க்குச்சி மாதிரி தொய்ந்துவிடும். கம்பி ஒரு மயிரிழை வளைந்தாலே மேலே உள்ள பூச்சு விரிசல் விடும். பூச்சு என்பது சுட்ட மண் ஓடு, அதற்கு வளையத் தெரியாது. எவ்வளவு கெட்டியான பூச்சு போட்டாலும் கீழே கம்பி ஆடினால் உடையத்தான் செய்யும். முதலில் 2.4, முடிந்தால் 3.2 மி.மீ. கம்பிக்குப் போங்கள்.

இன்னும் மூன்று கேள்வி இருக்கிறது புதுச்சுடர். கம்பியைத் தேய்த்துச் சுத்தம் செய்தீர்களா? புதுக் கம்பியில் எண்ணெய் இருக்கும், விரல் பட்டாலும் பிசுக்கு ஒட்டும். உங்கள் பூச்சு சுடரில் உலர்த்துகிற வகையா, காற்றில் உலர்த்துகிற வகையா? கண்ணாடி வைப்பதற்கு முன் பூச்சு சிவக்கும்வரை காய்ச்சுகிறீர்களா?

புதுச்சுடர்:
துணியால் துடைத்தேன், தேய்க்கவில்லை. டப்பாவில் காற்றில் உலர்த்தச் சொல்லியிருக்கிறது, ஆனால் அவசரத்தில் சுடரில்தான் காட்டினேன். மென்கண்ணாடிக்கு அதுவே போதுமாக இருந்தது. சிவக்க விட்டதில்லை, நீராவி நின்றதும் சுற்றத் தொடங்கிவிடுவேன்.

மெல்லக்காய்ச்சி:
அப்படியானால் புதுப் பூச்சு வாங்குகிற பேச்சே வேண்டாம்.

ஈரத்தோடு சுடரில் காட்டினால் உள்ளே இருக்கிற நீர் ஆவியாகிப் பூச்சைக் குமிழாகத் தூக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தக் குமிழ்தான் பிறகு துணுக்காகப் பெயர்ந்து உங்கள் மணிக்குள் போயிருக்கிறது. நீராவி நின்றால் ஈரம் போய்விட்டது என்றும் அர்த்தம் இல்லை. கயோலின் களிமண் தனக்குள் கட்டி வைத்திருக்கும் நீர் 500, 600 டிகிரி வாக்கில்தான் வெளியேறும். மங்கலான சிவப்பு தெரிகிறது என்றால் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டோம் என்று பொருள். மென்கண்ணாடியில் இந்தக் குறை மறைந்துகொள்ளும், போரோ காட்டிக்கொடுத்துவிடும்.

உருக்குகோல்:
சுத்தம் பண்ணு, உலர்த்து, காய்ச்சு. இதெல்லாம் எந்தக் கண்ணாடிக்கும் பாலபாடம், நான் மறுக்கவில்லை. ஆனால் இவ்வளவும் ஒழுங்காகச் செய்தே எனக்கு மெல்லிய பூச்சு உடைந்திருக்கிறது, அதுவும் 3.2 கம்பியில். பெரிய மணி செய்து கிராஃபைட் பலகையில் உருட்டிப் பாருங்கள். மணியின் ஒரு பக்கம் ஆறி விறைத்திருக்கும், கை அழுத்தும் பலம் முழுவதும் பூச்சின் மேல் இறங்கும். பிடிமானம் இல்லாத பூச்சு அங்கே கைவிட்டுவிடும். வெறும் சுற்றி எடுக்கிற மணியை வைத்து நீங்கள் பேசுகிறீர்கள் தம்பி.

மெல்லக்காய்ச்சி:
ஆறிய மணியைப் பலகையில் அழுத்தினால் பூச்சு உடைவது நியாயம்தானே! மணி முழுக்க ஒரே சூடாக இருக்கும்போது உருட்ட வேண்டும், அதுவும் தடவுகிற மாதிரி.

கெட்டிப் பூச்சு போட்டால் உடையாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கம்பியை விட்டு வருமா? அவர் சொன்ன கடைசி இரண்டு மணிகளை மறந்துவிட்டீர்கள். பிடிப்பைக் கூட்டினால் விடுப்பு குறையும். இரண்டையும் முழுசாகத் தருகிற பூச்சை நான் பார்த்ததில்லை.

உருக்குகோல்:
விடுப்பைப் பற்றிப் போரோக்காரன் கவலைப்படவே தேவையில்லை. கணக்குப் போடுங்கள். ஸ்டெயின்லெஸ் எஃகின் விரிவுக் குணகம் டிகிரிக்கு பத்து லட்சத்தில் சுமார் 17 பங்கு. மென்கண்ணாடிக்கு 10.4, போரோவுக்கு வெறும் 3.3. சூளையில் 560 டிகிரியில் பதப்படுத்தி (கண்ணாடி பிறகு விரிசல் விடாமல் இருக்க) அறை வெப்பத்துக்கு இறக்கினால் 3.2 மி.மீ. கம்பி கிட்டத்தட்ட 0.03 மி.மீ. சுருங்கும். போரோ மணியின் துளை அதில் ஐந்தில் ஒரு பங்குகூடச் சுருங்காது. கம்பி தானாகவே கண்ணாடியை விட்டு விலகுகிறது. மென்கண்ணாடியில் இந்த இடைவெளி ஏறக்குறைய பாதிதான். கெட்டிப் பூச்சு போட்டு விடுப்பில் கொஞ்சம் இழந்தாலும், கண்ணாடியின் இயல்பே அதைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது.

(இதனால்தான் வளையாதே என்று டங்ஸ்டன் கம்பி தேடுபவர்களை நான் தடுப்பேன். அதன் குணகம் 4.5. போரோவோடு சேர்ந்தே சுருங்கும், இடைவெளியே விழாது. போதாததற்குச் சுடரில் ஆக்சைடாகி உதிரவும் செய்யும்.)

மெல்லக்காய்ச்சி:
டங்ஸ்டன் விஷயம் நல்ல பாயிண்ட், எனக்குத் தோன்றவே இல்லை.

ஆனால் மணி ஒட்டிக்கொள்வது சுருக்கத்தால் மட்டும் இல்லையே. பூச்சில் விரிசல் இருந்தால் கண்ணாடி அதற்குள் வடிந்து கம்பியை நேரடியாகத் தொடும். எஃகும் போரோவும் தொட்ட இடத்தில் உங்கள் 0.03 என்ன செய்யும்? மணி விரிசல் விடும், அவ்வளவுதான்.

உருக்குகோல்:
விரிசல் விடாமல் இருக்கத்தானே கெட்டிப் பூச்சு என்கிறேன்!

குழாய்க்காரன்:
உங்கள் சண்டை ருசியாக இருக்கிறது, நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். போரோவுக்குக் கம்பியே எதற்கு? போரோ குழாயை எடுத்து வண்ணம் போட்டு, ஊதி, இரண்டு முனையையும் வெட்டினால் மணி தயார். கெட்டி மணிதான் வேண்டுமென்றால் சூடான இடத்தில் டங்ஸ்டன் ஊசியால் துளை போடலாம். பூச்சு இல்லை, பொடி இல்லை, துளைக்குள் கண்ணாடி பளபளவென்று இருக்கும். கம்பி மணியில் என்னதான் கழுவினாலும் துளைச் சுவர் மங்கலாகத்தான் இருக்கும். பூச்சின் சொரசொரப்பு அப்படியே கண்ணாடியில் அச்சாகிவிடும், தெளிவான போரோவில் அது அப்பட்டமாகத் தெரியும்.

மெல்லக்காய்ச்சி:
பென்டன்ட் அளவுக்குச் சரி. 10 மி.மீ. மணி இருபது, எல்லாம் ஒரே துளை அளவில் வேண்டும் என்றால் ஊசியோடு எத்தனை நாள் உட்காருவீர்கள்?

குழாய்க்காரன்:
அது உண்மைதான். அப்படிப்பட்ட ஆர்டரை நான் எடுப்பதில்லை.

நீலமணி:
மூன்று பேரும் டார்ச்சை அணைக்கும் வரைதான் பேசுகிறீர்கள். துளையைச் சுத்தம் செய்கிற வேலை யாருடையது?

நான் இரண்டு வகைப் பூச்சும் வைத்திருக்கிறேன். களிமண் கூடுதலான பூச்சு டார்ச்சில் சமர்த்து. கழுவும்போதுதான் தெரியும் அதன் குணம். கயோலினை 1000 டிகிரி தாண்டிக் காய்ச்சினால் அது முல்லைட்டாக மாறத் தொடங்கும், பீங்கானுக்கு உறுதி தருகிற அதே படிகம். மென்கண்ணாடி மணிக்குள் பூச்சு அந்தச் சூட்டை எட்டுவது குறைவு, இரவு நீரில் ஊறினால் சேறாக வந்துவிடும். போரோ மணிக்குள் அதே பூச்சு பாதி பீங்கானாகவே மாறியிருக்கும். உருக்குகோல் அண்ணா, கம்பி விலகுவது சரி, பூச்சு விலகுவதில்லையே. அது கண்ணாடிப் பக்கம் ஒட்டிக்கொண்டு துளைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. பிறகு வைர அரத்தை வைத்து ஒவ்வொரு மணியையும் ஐந்து நிமிடம் குடைய வேண்டும்.

குடையும்போது தயவுசெய்து நீருக்குள் வைத்துக் குடையுங்கள். உலர்ந்த பூச்சுப் பொடியில் சிலிக்கா இருக்கலாம், நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. பொடியாக வாங்கிக் கலக்குகிறவர்கள் கலக்கும்போதே முகமூடி போட வேண்டும். புதுச்சுடர், உங்கள் சாம்பல் மணிகளை உலர்ந்தபடியே குடைந்து பார்க்கவில்லையே?

புதுச்சுடர்:
பார்த்தேன் அக்கா. இனிமேல் மாட்டேன்.

உருக்குகோல்:
நீலமணி சொல்வதில் உண்மை இருக்கிறது. நானும் ஐந்து நிமிடம் குடைகிறேன். ஆனால் அரை மணி நேரம் சுடரில் உட்கார்ந்து செய்த மணி கடைசி நிமிடத்தில் கழன்று சுழல்வதைவிட அந்த ஐந்து நிமிடம் எனக்குப் பெரிதில்லை.

மெல்லக்காய்ச்சி:
புதுச்சுடர், நாங்கள் பேசிக்கொண்டே இருப்போம். நீங்கள் செய்து பாருங்கள். கம்பியையும் பூச்சையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு வந்து "சரியாகிவிட்டது" என்று மட்டும் எழுதாதீர்கள், எது சரி செய்தது என்று யாருக்கும் தெரியாமல் போகும். பழைய பூச்சோடு தடித்த கம்பி ஒரு ஆறு, புதுப் பூச்சோடு மெல்லிய கம்பி ஒரு ஆறு, இரண்டும் புதிது ஒரு ஆறு. பூச்சு கெட்டிப் பால் பதத்தில் இருக்கட்டும். டப்பாவைக் குலுக்காதீர்கள், நுரை வரும், கிளறுங்கள். கம்பியை நேராக இறக்கி, நேராக, நிதானமாக எடுங்கள்.

புதுச்சுடர்:
இரண்டு வாரம் கழித்து வருகிறேன். பூச்சு இரவு முழுக்க உலர்ந்தது, கம்பியை எல்லாம் உப்புத்தாளால் தேய்த்தேன், சிவக்க விட்டுத்தான் சுற்றினேன்.

பழைய பூச்சு, 3.2 கம்பி: ஆறில் ஒன்று உடைந்தது, அதுவும் பலகையில் நான் அவசரப்பட்டு அழுத்தியது. மீதி ஐந்தும் ஊற வைத்ததும் கையால் திருகினாலே வந்தன. புதுப் பூச்சு, 1.6 கம்பி: இரண்டு உடைந்தன, ஆறு கம்பியும் வளைந்துவிட்டன, குப்பைக்குத்தான். இரண்டும் புதிது: ஒன்றும் உடையவில்லை. ஆனால் ஆறும் கம்பியோடு மல்லுக்கட்டின, இரண்டு நாள் ஊறல், இடுக்கி, அப்புறம் குடைதல். ஒரு மணி குடையும்போது விரிசல் விட்டது.

உருக்குகோல்:
உடையவில்லை பார்த்தீர்களா.

மெல்லக்காய்ச்சி:
ஒன்று விரிசல் விட்டது பார்த்தீர்களா. இரண்டு பக்கமும் ஆறுக்கு ஐந்து மணிதான் கையில் வந்திருக்கிறது. பழைய பூச்சுக்காரர் குடையாமல் எடுத்தார்.

உருக்குகோல்:
அவர் செய்தது சின்ன மணி. 25 மி.மீ. மணியில் இதே கணக்கைக் காட்டுங்கள், நான் பேசாமல் இருக்கிறேன்.

நீலமணி:
விரிசல் விட்டதற்குப் பூச்சுதான் காரணம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? சரியாகப் பதப்படாத மணியும் விரிசல் விடுமே. புதுச்சுடர், அந்த மணி சூளையில் எவ்வளவு நேரம் இருந்தது?

புதுச்சுடர்:
அன்றைக்கு மின்சாரம் போய்விட்டது அக்கா. கால் மணி நேரம்கூட இருந்திருக்காது.

உருக்குகோல்:
இதை முதலிலேயே சொல்லக் கூடாதா!