பலெர்மோ தெருக்களில் சைவ உணவு: டிசம்பரில் தனியாகச் செல்கிறேன், வழிகாட்டுங்கள்

கோபி வாய்க்கால்மேடு:

அனைவருக்கும் வணக்கம். சொந்த ஊர் கோபி. திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். டிசம்பர் 11 முதல் 14 வரை இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலெர்மோ நகரில் தங்கப் போகிறேன். முதுகுப் பையோடு தனியாகச் செல்லும் முதல் வெளிநாட்டுப் பயணம் இது. மெஸ்ஸீனா நீரிணையில் ரயில் பெட்டிகளையே கப்பலில் ஏற்றிக் கடத்துவார்கள் என்று அறிந்ததால், ரோமிலிருந்து இரவு ரயிலில் செல்கிறேன்.

பாலும் முட்டையும் உண்பேன். மீனும் இறைச்சியும் தொட்டதில்லை. பலெர்மோ என்றாலே தெரு உணவு என்கிறார்கள். ஆனால் படித்த குறிப்புகளிலெல்லாம் மண்ணீரல் வைத்த ரொட்டி, சுட்ட ஆட்டுக்குடல், மத்தி மீன் என்றே இருக்கிறது. பழமும் பிஸ்கட்டும் தின்றுகொண்டு மாளிகைகளை மட்டும் பார்த்துத் திரும்ப எனக்கு மனமில்லை. அந்த ஊர்க்காரர்கள் நின்று உண்ணும் இடத்தில் நானும் நின்று உண்ண வழி உண்டா?

உக்கடத்து நடையன்:

அம்மணி, தாராளமாக உண்டு. நான் அங்கே ஆறு நாள் இருந்தவன். அசைவம் உண்பவன்தான் என்றாலும், ஊர் திரும்பிய பின் நாக்கு தேடியது பனெல்லேயைத்தான்.

ரயில் நிலையத்திலிருந்து பல்லரோ சந்தை நடக்கும் தொலைவுதான். பையை விடுதியில் வைத்துவிட்டு, காலை உணவு உண்ணாமல் நேராக அங்கே செல்லுங்கள். பொள்ளாச்சிச் சந்தையில் வளர்ந்த காதுக்கு அந்த இரைச்சல் அந்நியமாகத் தோன்றாது. கத்தரிக்காயையும் ஆரஞ்சையும் அவர்கள் ராகம் இழுத்துக் கூவி விற்பதற்கு அப்பன்னியாத்தா என்று தனிப்பெயரே உண்டு.

பனெல்லே என்பது கடலை மாவு வறுவல். ஆனால் நம் பஜ்ஜியைப் போல் மாவில் தோய்த்து எடுப்பது அல்ல. கடலை மாவையும் தண்ணீரையும் உப்பையும் சேர்த்து, நம் வீட்டில் ராகிக் களி கிண்டுவதைப் போலவே கை ஓயாமல் கிண்டுகிறார்கள். கெட்டியானதும் பார்ஸ்லித் தழையைத் தூவி, மெல்லிய ஏடாகப் பரப்பி, ஆறியதும் வெட்டிப் பொரிக்கிறார்கள். வெளியே மொறுமொறுப்பாகவும் உள்ளே வெண்ணெய் போலவும் இருக்கும் அந்தத் துண்டுகளை எள் தூவிய ரொட்டிக்குள் நான்கைந்தாக அடுக்கி, எலுமிச்சைச் சாறு பிழிந்து, தாளில் சுற்றிக் கையில் கொடுக்கும்போது, அந்தச் சூடு தாளைத் தாண்டி உள்ளங்கையில் உறைக்கும். கூடவே கட்சில்லி என்ற உருளைக்கிழங்கு உருண்டையையும் கேளுங்கள்.

உட்கார்ந்து உண்ண விரும்பும் நாளில் கப்போனாத்தா கேளுங்கள். கத்தரிக்காய், செலரித் தண்டு, ஆலிவ், கேப்பர் மொட்டு ஆகியவற்றைச் சர்க்கரையும் வினிகரும் சேர்த்துச் சமைப்பது. இந்த இனிப்புப் புளிப்பு தற்செயலானதல்ல. 831இலிருந்து 1072 வரை பலெர்மோ அரபியர் ஆட்சியில் இருந்தது, கரும்பும் எலுமிச்சையும் கத்தரிக்காயும் அவர்கள் வழியாகவே அத்தீவுக்கு வந்தன. அரபியருக்குப் பின் ஆண்ட நார்மன் அரசன் இரண்டாம் ரோஜர் கட்டிய அரண்மனைத் தேவாலயத்தில் அண்ணாந்து பார்த்தால், கிறித்தவக் கோயிலின் மரக் கூரையில் அரபி எழுத்தைக் காண்பீர்கள். காலையில் சந்தை, பிறகு அந்தக் கூரை என்ற வரிசையில் சென்றால் உணவும் ஊரும் ஒன்றாகவே விளங்கும்.

தக்காளி, வெங்காயம் பரப்பிய தடித்த ரொட்டியான ஸ்பின்ச்சோனேயும் உங்களுக்கு ஏற்றது.

ஆனைமலைப் பெரியம்மா:

மேலே எழுதிய தம்பிக்கு ஒரு திருத்தம். ஸ்பின்ச்சோனேயில் நெத்திலி மீனைக் கரைத்துச் சேர்ப்பது வழக்கம், கண்ணுக்குத் தெரியாது. நான் பாதி உண்ட பிறகுதான் அறிந்தேன், அன்று முழுவதும் மனம் ஆறவில்லை. அரஞ்சினே என்ற அரிசி உருண்டையிலும் கவனம் வேண்டும். 'அல் புர்ரோ' என்றால் வெண்ணெய் என்று பொருள். ஆனால் உள்ளே பாலாடைக்கட்டியோடு பன்றித் தொடைக்கறியும் இருக்கும். கீரை வைத்த உருண்டை உண்டா என்று கேட்டு வாங்கு கண்ணு. 'சென்ஸா கார்னே' (இறைச்சி இல்லாமல்) என்று மட்டும் சொன்னால் போதாது; 'சென்ஸா பேஷே' (மீன் இல்லாமல்), 'சென்ஸா புரோஷூத்தோ' (பன்றித் தொடைக்கறி இல்லாமல்) என்றும் சேர்த்துச் சொல். பனெல்லே கடையிலும் அதே எண்ணெயில் மீன் பொரிக்கிறார்களா என்று ஒருமுறை பார்த்துக்கொள்.

நீ நல்ல நாளில் போகிறாய். டிசம்பர் 13 புனித லூசியாள் திருநாள். 1646இல் பஞ்சத்தால் வாடிய ஊருக்கு அந்நாளில் கோதுமைக் கப்பல் வந்து சேர்ந்ததாகவும், பசி பொறுக்காத மக்கள் அதை அரைக்காமல் அப்படியே அவித்து உண்டதாகவும் அங்கே சொல்கிறார்கள். அதனால் அன்று ரொட்டியும் பாஸ்தாவும் தவிர்த்து, முழுக்கோதுமையை அவித்து, ரிக்கோத்தா என்ற மென்பாலாடையும் சர்க்கரையும் கலந்த குச்சீயாவை உண்கிறார்கள். எனக்குத் தங்க இடம் கொடுத்த வீட்டம்மா ஒரு கிண்ணம் நீட்டினார். கோதுமை முத்துகள் பல்லில் பட்டு உடைவது இன்னும் நினைவிருக்கிறது. அதைத் தவறவிடாதே.

பகலில் பல கடைகள் சில மணி நேரம் அடைத்துவிடும். அப்போது சந்துகள் வெறிச்சோடி இருந்தால் பயப்பட வேண்டாம். இரவில் பழைய நகரின் பெரிய வீதியான மக்கெதா வீதியை ஒட்டியே நட.

உக்கடத்து நடையன்:

பெரியம்மா சொல்வதே சரி. நெத்திலியைப் பற்றி நான் எண்ணிப் பார்க்கவில்லை, மன்னியுங்கள் அம்மணி. மக்கெதா வீதியை ஒட்டிய கல்தெராய் சந்துப் பக்கம் பகலில் செல்லுங்கள். யூதர் வாழ்ந்த பழைய பகுதி அது. தெருப் பெயர்ப் பலகைகளில் இத்தாலியம், எபிரேயம், அரபி மூன்றும் இருக்கும்.

கோபி வாய்க்கால்மேடு:

அண்ணாவுக்கும் பெரியம்மாவுக்கும் நன்றி. அந்த மூன்று இத்தாலியச் சொற்களையும் தாளில் எழுதிக் கைப்பைக்குள் வைத்துவிட்டேன். 13ஆம் தேதி வேறெங்கும் செல்லாமல் ஊருக்குள்ளேயே இருப்பேன். அம்மாவுக்கு இவற்றைப் படித்துக் காட்டியதும், இன்று மாலையே கடலை மாவைக் கிண்டிப் பார்க்கலாம் என்கிறார். தண்ணீர் அளவு என்ன?

உக்கடத்து நடையன்:

ஒரு பங்கு மாவுக்கு மூன்று பங்கு தண்ணீர். முதலில் குளிர்ந்த தண்ணீரில் கட்டியின்றிக் கரைத்துவிட்டு அடுப்பில் ஏற்றச் சொல்லுங்கள். சட்டியை விட்டு ஒட்டாமல் திரண்டு வந்ததும் தாமதிக்காமல் எண்ணெய் தடவிய தட்டில் பரப்ப வேண்டும். ஒரு நிமிடம் விட்டாலும் சட்டியிலேயே இறுகிவிடும். பார்ஸ்லிக்குப் பதிலாக நம் கொத்தமல்லித் தழை போதும்.