தர்வீஷ், ஆகா ஷாஹித் அலி: இருவரையும் 'புலம்பெயர்ந்த கவிஞர்கள்' என்ற ஒரே தலைப்பில் ஒப்பிடலாமா?

இளவேனில் (வினா)

முதுகலை இரண்டாம் ஆண்டு ஆய்வேட்டுக்காகப் பாலஸ்தீனக் கவிஞர் மஹ்மூத் தர்வீஷையும், காஷ்மீரில் வளர்ந்து அமெரிக்காவில் வாழ்ந்து ஆங்கிலத்தில் எழுதிய ஆகா ஷாஹித் அலியையும் ஒப்பிட முயன்றுவருகிறேன். அடையாளம், ஏக்கம், ஓரிடத்துக்கு உரியவராக இருத்தல் என மூன்று இயல்கள் வகுத்து, அவற்றுள் இரண்டை எழுதியும் விட்டேன். ஆனால் எந்தக் கவிதையில் தொடங்கினாலும் 'இருவரும் இழந்த மண்ணை எண்ணி ஏங்குகிறார்கள்' என்ற முடிவில்தான் வந்து நிற்கிறேன். அதைச் சொல்வதற்கு இரண்டு கவிஞர்கள் எதற்கு என்று நெறியாளர் கேட்டபோது என்னிடம் விடை இல்லை. எனக்கு அரபி தெரியாது. தர்வீஷை மொழிபெயர்ப்புகளின் வழியாகவே படிக்கிறேன். எதை அடிப்படையாகக் கொண்டால் இவ்விருவரின் வேறுபாடு புலப்படும்?

பழைய வாசகர்

முதலில் அந்தப் பொதுத் தலைப்பைக் கைவிடுங்கள். இருவரும் ஊரைப் பிரிந்த விதமே வேறு. தர்வீஷ் 1941இல் பாலஸ்தீனத்தின் வடபகுதியான கலிலேயாவில் உள்ள பிர்வா என்ற சிற்றூரில் பிறந்தவர். 1948இல், இஸ்ரேல் உருவான போரின்போது, குடும்பம் லெபனானுக்கு ஓடியது. ஏறத்தாழ ஓராண்டு கழித்து மறைவாகத் திரும்பி வந்தபோது ஊர் இடிக்கப்பட்டிருந்தது. குடிக்கணக்கெடுப்பின்போது அங்கு இல்லாததால் 'இருந்தும் இல்லாதோர்' என்ற விசித்திரமான சட்ட வகைக்குள் அவர்கள் தள்ளப்பட்டார்கள். ஆகவே 1970இல் அவர் நாட்டை விட்டு வெளியேறுவதற்கு வெகுகாலம் முன்பே, சொந்த மண்ணில் இருந்துகொண்டே அயலாராகிவிட்டார். ஷாஹித் 1976இல் மேற்படிப்புக்காக அமெரிக்கா சென்றவர்; அவரை யாரும் துரத்தவில்லை, விடுமுறைகளில் ஸ்ரீநகருக்கு வந்து போய்க்கொண்டும் இருந்தார். 1990க்குப் பிறகு ஆயுத மோதலில் எரிந்தது அவர் விட்டுச் சென்ற ஊர். பிறர் படும் துயரைத் தொலைவிலிருந்து எழுதுகிறோமே என்ற கூச்சம் அவருடைய கவிதைகளில் அடியோட்டமாக இருக்கிறது. தர்வீஷிடம் அதை நீங்கள் அவ்வளவாகக் காணமாட்டீர்கள்.

இனி ஒப்பீட்டு முறை. தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் உறுப்புகளில் கூற்று, கேட்போர் என இரண்டு உண்டு அல்லவா? கவிதையில் பேசுபவர் யார், கேட்பவர் யார் என்ற அந்தக் கேள்வியை இங்கும் எழுப்பிப் பாருங்கள். 1964ஆம் ஆண்டுத் தொகுப்பில் வந்த 'அடையாள அட்டை' ஓர் அதிகாரியை நோக்கிப் பேசுகிறது. அட்டை எண், பிள்ளைகளின் எண்ணிக்கை, கல்லுடைக்கும் வேலை என எல்லாமே அவன் எழுதிக்கொள்வதற்காகச் சொல்லப்படுகின்றன. இங்கே அடையாளம் என்பது மறுப்பவனின் முகத்துக்கு நேரே அறிவிக்கப்படுவது. தர்வீஷ் பிற்காலத்தில் அந்தக் கவிதையை அரபு மக்கள் கூடிய மேடைகளில் வாசிக்கத் தயங்கினார். அரபியர்களிடமே 'நான் அரபியன்' என்று முழங்குவதில் பொருளில்லை என்பதைப் புரிந்துகொள்ள, கேட்போர் மாறிவிட்டார்கள் என்ற ஒன்றே போதும்.

ஷாஹிதின் 'விடைபெறல்' கவிதையில் கேட்பவர் அதிகாரி இல்லை. அதை ஒரு தளத்தில், காஷ்மீர முஸ்லிம் ஒருவர் காஷ்மீரப் பண்டிதருக்கு, அதாவது அங்கிருந்து வெளியேறிய இந்துச் சமூகத்தவருக்கு, எழுதும் காதல் கடிதம் என்று அவரே குறிப்பிட்டிருக்கிறார். பிரிந்து போன அண்டைவீட்டாரிடம் பேசும்போது தன் நினைவு அவருடைய வரலாற்றோடு மோதுகிறது என்ற உணர்வும் கூடவே வருகிறது. யார் யாரை இழந்தார்கள் என்று அங்கே அறுதியிட்டுச் சொல்ல இயலாது. 1990இல் காஷ்மீரில் மாதக்கணக்கில் அஞ்சல் நின்றுபோனதைக் கருவாகக் கொண்ட 'அஞ்சலகம் இல்லாத நாடு' இதை இன்னும் ஒரு படி கொண்டுசெல்கிறது. அதில் எழுதுபவர் உண்டு, கடிதங்களும் உண்டு. அவை போய்ச் சேரும் என்ற உறுதி மட்டும் இல்லை.

நடைவழி

மேலே சொன்னதில் எனக்குப் பாதி உடன்பாடுதான். ஷாஹிதின் கஜல்களுக்கு, அதாவது உருது மரபில் வேரூன்றிய ஈரடிக் கவிதைகளுக்கு, இந்த அளவுகோல் பொருந்தாது. கஜலில் ஒவ்வோர் ஈரடியும் தனித்து நிற்கக்கூடியது. ஒன்றில் காதலர், அடுத்ததில் இறைவன் எனக் கேட்போர் மாறிக்கொண்டே இருப்பார்கள். அவற்றைப் பிணைப்பவை ரதீஃப் என்னும் திரும்ப வரும் சொல்லும் காஃபியா என்னும் இயைபும்தாம். அமெரிக்கக் கவிஞர்கள் தளர்வான ஈரடிகளை எழுதிவிட்டுக் கஜல் என்று அழைத்ததில் ஷாஹிதுக்கு எரிச்சல் உண்டு. 2000இல் ஆங்கிலக் கஜல்களைத் தொகுத்து வெளியிட்டபோதும் இலக்கணத்தையே வலியுறுத்தினார். இறுதி ஈரடியில் கவிஞர் தம் பெயரைப் பொறிப்பது மரபு. அடையாளம் பற்றிய இயலில் அந்த முத்திரையையும் தர்வீஷின் அட்டை எண்ணையும் பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள். ஒன்று அரசு கொடுத்தது, மற்றது உருதுக் கவிமரபு கொடுத்தது. யாப்பைத் தொடாமல் கருப்பொருளை மட்டும் எழுதினால் நெறியாளர் மறுபடியும் அதே கேள்வியைத்தான் கேட்பார்.

கரையோரம்

இருவரும் உண்மையிலேயே சந்திக்கும் இடத்தை யாரும் சொல்லவில்லையே! தர்வீஷ் 1992இல் வெளியிட்ட தொகுப்பில் முஸ்லிம்கள் ஆண்ட ஸ்பெயினான அந்தலூசியா பற்றிய பதினொரு கவிதைகள் உள்ளன. 1492இல் அதன் கடைசி அரசான கிரனாடா வீழ்ந்து ஐந்நூறு ஆண்டுகள் நிறைந்த தருணத்தில், அந்த மண்ணிலிருந்து வெளியேறுபவரின் குரலில் அவர் பேசுகிறார். அதே தொகுப்பில் அமெரிக்கப் பழங்குடித் தலைவரின் குரலிலும் பேசுகிறார். தம் இழப்பைப் பிறர் வாயால் சொல்லும் அளவுக்கு, அதாவது கூற்றையே மாற்றும் அளவுக்கு, 'அடையாள அட்டை' எழுதியவர் நகர்ந்துவிட்டார். அந்த அந்தலூசியக் கவிதைகளை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர்களில் ஷாஹிதும் ஒருவர். 'அரபியில்' என்ற சொற்றொடரே ஒவ்வோர் ஈரடியின் இறுதியிலும் திரும்ப வரும் ஒரு கஜலில் அவர் தேர் யாசீன் என்ற அழிக்கப்பட்ட பாலஸ்தீனச் சிற்றூரையும் ஸ்பானியக் கவிஞர் லோர்காவையும் தர்வீஷையும் அடுத்தடுத்து அழைக்கிறார். ஆக, உங்கள் ஒப்பீடு வெளியிலிருந்து திணிக்கப்பட்டதன்று; ஒருவர் மற்றவரைப் படித்திருக்கிறார்.

பாலஸ்தீனக் கவிதைகளுக்குத் தமிழிலும் ஒரு வாசிப்பு வரலாறு உண்டு. ஈழத்துக் கவிஞர் எம். ஏ. நுஃமானின் மொழிபெயர்ப்புகள் 1980களில் ஈழத்துக் கவிஞர்களிடையே பரவலாகப் படிக்கப்பட்டவை. 1985இல் வந்த 'மரணத்துள் வாழ்வோம்' என்ற ஈழத்துக் கவிதைத் தொகுப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவற்றைப் படித்தால், அந்தக் குரல் ஈழத்தவர்களான எங்களை ஏன் அவ்வளவு விரைவாக வந்தடைந்தது என்பது விளங்கும். ஆனால் உங்கள் தலைப்புக்கு இது கிளைவழி. ஓர் அடிக்குறிப்போடு விட்டுவிடலாம்.

இளவேனில்

அனைவருக்கும் நன்றி. மூன்று இயல்களையும் கலைத்துவிட்டு, கூற்று, கேட்போர், யாப்பு என்ற வரிசையில் மறுபடி எழுதத் தொடங்குகிறேன். ஓர் ஐயம் மட்டும் எஞ்சுகிறது: ஏக்கத்தைப் பற்றி எழுத, இருவரிடமிருந்தும் எந்தக் கவிதைகளை இணையாக எடுக்கலாம்?

பழைய வாசகர்

கஜலைப் பற்றி நடைவழி சொன்னது சரியே; என் முறையை நீள்கவிதைகளோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஏக்கத்துக்குத் தாயைப் பற்றிய கவிதைகளை எடுங்கள். தர்வீஷ் இளமையில் சிறையிலிருந்து எழுதிய 'என் தாய்க்கு' தாய் சுட்ட ரொட்டிக்கும் அவள் போட்ட காப்பிக்கும் ஏங்குகிறது. தான் இறந்தால் அவள் கண்ணீரின் முன் வெட்கப்பட நேரும் என்பதற்காகவே வாழ்வை விரும்புவதாக மகன் சொல்கிறான். ஷாஹிதின் தாய் 1997இல் அமெரிக்காவில் இறந்தார். அவர் உடலைக் காஷ்மீருக்குக் கொண்டுசென்றதைக் நபியின் பேரர் ஹுசைன் கொல்லப்பட்ட கர்பலாவின் துயரத்தோடு பின்னி எழுதிய 'ஆம்ஹர்ஸ்டிலிருந்து காஷ்மீருக்கு' என்ற தொடர்கவிதை 2001ஆம் ஆண்டுத் தொகுப்பில் உள்ளது. முன்னதில் வீடு என்பது தாயின் கையால் கிடைக்கும் உணவு. பின்னதில் தாயையே வீட்டுக்குத் திருப்பித் தர வேண்டியிருக்கிறது. ஷாஹித் அதே 2001 டிசம்பரில் இறந்து மாசசூசெட்ஸின் நார்தாம்ப்டனில் அடக்கம் செய்யப்பட்டார். தர்வீஷ் 2008இல் ஹூஸ்டனில் இறந்தார். அவர் உடல் மேற்குக் கரையிலுள்ள ரமல்லாவுக்கு வந்தது, பிறந்த ஊரான பிர்வாவுக்கு இல்லை. இறுதிச் சடங்கில் அவருடைய தாயும் இருந்தார். இந்த வாழ்க்கைச் செய்திகளை இயலின் முடிவில் வையுங்கள். முன்னால் வைத்தால் கவிதைகளைப் படிக்கும் கண்ணை அவை மறைத்துவிடும்.