கேரவன் இழுக்க ஃபார்ச்சூனரா, ஸ்கார்பியோ-என்னா?

வைட்ஃபீல்ட்_வாசு:
நாங்கள் நாலு பேர், பெங்களூரில் இருக்கிறோம். காலியாக 1,100 கிலோ வரும் ஒரு கேரவன் ட்ரெய்லர் வாங்கும் யோசனை. தண்ணீர், கேஸ், பாத்திரம், படுக்கை எல்லாம் ஏற்றினால் 1,400 என்று வைத்துக்கொள்ளுங்கள். இழுக்க ஃபார்ச்சூனர் 2.8 டீசல் ஆட்டோமேட்டிக் பார்த்து வைத்திருக்கிறேன். வீட்டம்மாவோ ஸ்கார்பியோ-என் போதும், மிச்சப் பணத்தில் கேரவனையே வாங்கிவிடலாம் என்கிறார். கூர்க், ஊட்டி, அப்புறம் சேலம் வழியாக ஊருக்கு, இதுதான் ஓட்டம். எதை எடுக்கலாம்?

ஓசூர்_டீசல்:
ஃபார்ச்சூனர். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? டார்க், அதாவது எஞ்சினின் திருப்பு விசை, 500 நியூட்டன் மீட்டர், ஸ்கார்பியோ ஆட்டோமேட்டிக்கில் 400தான். ஆஸ்திரேலியாவில் ஃபார்ச்சூனருக்கு, பிரேக் உள்ள ட்ரெய்லர் என்றால் 3,100 கிலோ வரை இழுக்க அனுமதி, ஸ்கார்பியோவுக்கு 2,500. பட்ஜெட் இருந்தால் லேண்ட் க்ரூசர் 300, 700 நியூட்டன் மீட்டர், பின்னால் வீடு வருகிறதா என்பதே தெரியாது.

கோரமங்களா_கீதா:
பின்னால் வருவது தெரியாமல் ஓட்டுவதுதான் ஆபத்தே, அண்ணா. அந்த 3,100 அந்த நாட்டில் விற்கும் வண்டிக்கு, அங்கே கம்பெனி பொறுப்பேற்றுக் கொடுத்த எண். இங்கே வாங்கும் வண்டிக்கு இங்கே தரும் கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் செல்லும். அதை விடுங்கள், உங்கள் எண்ணையே எடுத்துக்கொண்டாலும் 1,400 கிலோ இரண்டு வண்டிக்குமே அடக்கம்தானே? அப்போது அந்த எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

வாசு சார், நீங்கள் பார்க்க வேண்டியது டோ பால், அதாவது காரின் பின்னால் கேரவனை மாட்டும் பந்து, அதன் மேல் கீழ்நோக்கி விழும் எடை. கேரவன் ஆடாமல் வர, அதன் எடையில் பத்து சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே முன்பக்கம் விழ வேண்டும் என்பது அமெரிக்கப் பழக்கம், ஐரோப்பாவில் இதைவிடக் குறைவு. 150 கிலோ என்று வையுங்கள். அந்தப் பந்து பின் அச்சிலிருந்து சுமார் ஒன்றேகால் மீட்டர் தள்ளி நிற்கிறது, அச்சுகளுக்கு இடையே 2.745 மீட்டர். பின்னால் அமுக்கினால் முன்னால் தூக்கும் இல்லையா, அந்தக் கணக்கில் முன் சக்கரத்திலிருந்து ஏறக்குறைய 68 கிலோ குறைந்து பின் அச்சில் 218 கிலோ ஏறுகிறது. ஸ்டியரிங் லேசாகும், ஹெட்லைட் எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்கும். ஸ்கார்பியோவில் அச்சு இடைவெளி 2.75 மீட்டர், ஆக இரண்டும் ஒன்றுதான்.

இதோடு நாலு பேர் 260, டிக்கியில் 80, அந்தப் பந்தைத் தாங்கும் டோ பார் ஒரு 30. பந்தின் எடையையும் சேர்த்தால் 520 கிலோ ஆகிவிட்டது. கையேட்டில் இருக்கும் மொத்த எடை வரம்பிலிருந்து காலி எடையைக் கழித்துப் பாருங்கள். மூன்றாவது வரிசையில் மாமனார் மாமியாரையும் உட்கார வைத்தால் எஞ்சினுக்குத் தெரியவே தெரியாது, ஆனால் பின் சஸ்பென்ஷன் உட்கார்ந்துவிடும்.

ஓசூர்_டீசல்:
கணக்கு எல்லாம் சரி. தொப்பூர் மேட்டில் வந்து ஓட்டிப் பாருங்கள்.

கோரமங்களா_கீதா:
தொப்பூரைச் சொன்னதற்கு நன்றி. தருமபுரியிலிருந்து சேலம் போகும்போது அது இறக்கம், அங்கே விபத்துக்குப் பெயரே அந்த இறக்கம்தான். அங்கே உங்கள் 500 நியூட்டன் மீட்டர் எதைப் பிடித்து நிறுத்தும்? பின்னாலிருந்து 1,400 கிலோ தள்ளும். மேலேயே கியரைக் குறைத்து எஞ்சினைப் பிடிக்க விட்டு, கேரவனுக்கும் சொந்த பிரேக் இருந்தால்தான் கீழே வரும்போது கார் பிரேக் மிச்சம் இருக்கும். டார்க்குக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கு கேரவன் பிரேக்குக்குப் போகட்டும்.

ஓசூர்_டீசல்:
இறங்கினவர் ஏறவும் வேண்டும் இல்லையா, மேடம்? ஆட்டோமேட்டிக்கில் ஏற்றத்தில் கியர் ஆயில் சூடாகும், சின்ன எஞ்சின் என்றால் எப்போதும் உயர்ந்த ஆர்பிஎம்மில்தான் கத்தும். பெரிய எஞ்சின் நிதானமாக ஏறும். இதை மறுக்க முடியாது.

கோரமங்களா_கீதா:
மறுக்கவில்லை. ஏற்றத்தில் ஃபார்ச்சூனர் சுகம்தான். கியர் ஆயிலுக்குத் தனிக் கூலர் போட்டால் இன்னும் நல்லது. சுகத்துக்கு விலை எவ்வளவு என்பதே என் கேள்வி.

எக்ஸ்யூவி_ரவி:
லேடர் ஃப்ரேம், அதாவது பாடிக்கு அடியில் ஏணி போன்ற தனிச் சட்டம், இல்லாத எக்ஸ்யூவி700 என்னிடம் இருக்கிறது. எனக்கு வழியே இல்லையா?

கோரமங்களா_கீதா:
ஐரோப்பாவில் ஃப்ரேம் இல்லாத சாதாரண ஸ்டேஷன் வேகன்களே கேரவன் இழுக்கின்றன. ஃப்ரேம் கட்டாயமில்லை, கம்பெனி சொன்ன இடத்தில் போல்ட் போட்ட டோ பார் கட்டாயம். பம்பருக்குப் பின்னால் கண்ட இடத்தில் வெல்டிங் வைக்கும் ஆளிடம் மட்டும் போகாதீர்கள்.

மல்லேஸ்வரம்_மாமா:
எல்லாரும் வண்டியையே பேசுகிறீர்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் ட்ரெய்லர் என்பது தனி வாகனம், அதற்குத் தனிப் பதிவு வேண்டும். 52ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2017 டிசம்பரில் பம்பர் முன்னால் வைக்கும் கிராஷ் கார்டை மத்திய அரசு எப்படிப் பிடித்தது என்று நினைவிருக்கும். டோ பார் மாட்டும் முன் ஆர்டிஓவிலும் இன்சூரன்ஸ்காரரிடமும் எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்னது க்ளெய்ம் நேரத்தில் யாருக்கும் ஞாபகம் வராது.

அப்புறம் வழி. பந்திப்பூரில் இரவு 9 முதல் காலை 6 வரை கேட் மூடியிருக்கும். மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டி என்றால் 36 கொண்டை ஊசி, கேரவனோடு நினைக்கவே வேண்டாம், கூடலூர் வழிதான். ஊட்டிக்கு 2024 மே முதல் இ-பாஸும் வேண்டும். அபார்ட்மென்டில் இதை எங்கே நிறுத்துவீர்கள்? அசோசியேஷன் வாட்ஸாப் குழுவில் கேட்டுப் பாருங்கள், அதற்குள்ளேயே கேரவன் ஆசை போய்விடும். வாடகை வண்டி, ஹோம்ஸ்டே, முடிந்தது.

ஓசூர்_டீசல்:
மாமா, நம் ஊரில் பாதி ஜீப்பில் டோ பார் தொங்குகிறது. யார் கேட்கிறார்கள்?

மல்லேஸ்வரம்_மாமா:
சும்மா தொங்கினால் யாரும் கேட்க மாட்டார்கள், தம்பி. அதில் 1,400 கிலோ மாட்டிக்கொண்டு ஒருவர் மேல் மோதினால் எல்லாரும் கேட்பார்கள்.

வைட்ஃபீல்ட்_வாசு:
மாமா, ஊரில் அப்பா வீட்டில் இடம் இருக்கிறது, கேரவன் அங்கே நிற்கும். வீட்டம்மா இந்தத் திரியை முழுக்கப் படித்துவிட்டார், அதனால் ஸ்கார்பியோ-என் 4x4 டீசல் ஆட்டோமேட்டிக். ஓசூர் அண்ணா மன்னிக்கவும். கீதா மேடம், கேரவனில் எதைச் சரிபார்க்க வேண்டும்?

ஓசூர்_டீசல்:
மன்னிக்க என்ன இருக்கிறது, ஏற்றத்தில் லாரி பின்னால் ஊரும்போது என்னை நினைத்துக்கொள்ளுங்கள். 4x4ஐ காய்ந்த தார் ரோட்டில் போடாதீர்கள், அது பகுதிநேர 4x4, கியர் இறுகிக்கொள்ளும். ஈரப் புல்லிலிருந்து கேரவனை வெளியே இழுக்க மட்டும்.

கோரமங்களா_கீதா:
சாமான் ஏற்றிய பிறகு ஒரு லாரி எடைமேடையில் ஏற்றி நிஜ எடையைப் பாருங்கள், விற்பவர் சொல்லும் 1,100ஐ நம்ப வேண்டாம். தண்ணீர்த் தொட்டி 100 லிட்டர் என்றால் அதுவே 100 கிலோ, போய்ச் சேர்ந்த இடத்தில் நிரப்பினால் போதும். கனமான சாமான் கேரவன் அச்சுக்கு மேலே, தரையோடு, கொஞ்சம் முன்பக்கமாக. பின்கோடியில் அடுக்கினால் பந்தின் மேல் எடை குறைந்து வால் ஆடத் தொடங்கும், வேகம் கூடக் கூட மோசமாகும். ஆடினால் ஸ்டியரிங்கை வெட்டாதீர்கள், கார் பிரேக்கையும் அமுக்காதீர்கள், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். எலக்ட்ரிக் பிரேக் வைத்த கேரவன் என்றால் அதை மட்டும் காரிலிருந்தே கையால் பிடிக்கலாம், அதனால்தான் நான், கேரவன் காரைத் தள்ளும்போது தானாகப் பிடிக்கும் ஓவர்ரன் பிரேக்கைவிட அதை விரும்புகிறேன். காரையும் கேரவனையும் பிணைக்க இரண்டு சங்கிலி, குறுக்காக, கீழே. கழன்றால் தானாகப் பிரேக் போடும் கேபிள். நீட்டிய கண்ணாடி.

ஒன்றை மறக்காமல் கேளுங்கள்: கப்ளிங், அதாவது பந்தின் மேல் உட்காரும் கேரவன் கிண்ணம், 50 மில்லிமீட்டரா, இரண்டு அங்குலமா? இரண்டு அங்குலம் 50.8. அந்தக் கப்ளிங்கில் 50 மில்லி பந்தைப் போட்டால் பார்க்கப் பூட்டியது போலவே இருக்கும், குழியில் துள்ளும்போது கழன்றுவிடலாம்.

வைட்ஃபீல்ட்_வாசு:
விற்பவரிடம் இப்போதுதான் கேட்டேன், 'எல்லாம் ஒண்ணுதான் சார்' என்கிறார்.

மல்லேஸ்வரம்_மாமா:
வேறு ஆளைப் பாருங்கள்.