கலைச்சொல் தேவை: சர்வர் ‘கேட்கிறது’ என்றால் யார், எதைக் கேட்கிறார்கள்?

மார்த்தாண்டம் ஆசிரியை, திங்கள் இரவு

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

வெள்ளிக்கிழமை காலை அச்சகத்துக்குப் போக வேண்டிய செய்முறைக் கையேடு ஒன்று என் மேசையில் முடியாமல் கிடக்கிறது. பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கானது. சேவையகம் (சர்வர்) எழும்பவில்லை என்றால் எங்கே பார்ப்பது, எழும்பியும் இணைப்பை ஏற்கவில்லை என்றால் எங்கே பார்ப்பது என்பதுதான் பொருள். முதல் பகுதி முடிந்துவிட்டது. வேறொரு நிரல் அதே துறையை (‘போர்ட்’, இணைப்புகள் வந்து சேரும் எண்ணிட்ட வாயில்) பிடித்திருப்பது, மின்சாரம் போய் வந்த பிறகு பழைய பூட்டுக்கோப்பு மிஞ்சிக் கிடப்பது, தரவுக் கோப்புறையின் உரிமை மாறியிருப்பது, வட்டு நிரம்பியிருப்பது, எதுவானாலும் முதலில் பதிவுக்கோப்பின் கடைசி வரிகளை வாசிப்பது. இதில் எங்கும் சொல் தடுக்கவில்லை.

இரண்டாம் பகுதியில், சேவையகம் இணைப்புகளுக்குத் திறந்திருப்பதைக் குறிக்கும் ‘லிசன்’ என்ற ஒரே சொல்லில் நின்றுபோனேன். சென்ற வாரம் வகுப்பில் போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தளச் சேவையகத்தை நிறுவினோம். அது நிறுவியவுடன் தன் கணினிக்குள்ளிருந்து வரும் இணைப்புக்கு மட்டுமே திறந்திருக்கும். பக்கத்துக் கணினியிலிருந்து 5432-ஆம் துறைக்கு வந்தவர்களுக்கெல்லாம் ‘கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு’ என்று வந்தது. நான் கரும்பலகையில், “சேவையகம் இந்த முகவரியில் கேட்கவில்லை” என்று எழுதினேன். பாதி வகுப்பு அதைச் சேவையகம் கடவுச்சொல்லைக் கேட்கவில்லை என்று புரிந்துகொண்டு, தங்கள் கணினியில் கடவுச்சொல் அமைப்பைத் தேடப் போய்விட்டது. ஒரு மணி நேரம் வீணானது. பிள்ளைகள் மீது குறையில்லை. என் வாக்கியம் அவர்களைத் தவறான கணினிக்கு அனுப்பியது.

கேள் என்றால் செவியால் கேட்பதும் உண்டு, வாயால் கேட்பதும் உண்டு. பயனர் கணினி கேட்கிறது, சேவையகமும் கேட்கிறது. இந்த முடிச்சை அவிழ்க்கும் ஒரு சொல் வியாழன் இரவுக்குள் வேண்டும்.

பூதப்பாண்டி மொழிபெயர்ப்பாளர், திங்கள் இரவு

டீச்சர், ‘செவிமடு’ என்று போடுங்கள். “சேவையகம் 5432-ஆம் துறையில் செவிமடுக்கிறது.” நான் மொழிபெயர்க்கும் மென்பொருள்களில் எல்லாம் இதைத்தான் வைத்திருக்கிறேன். செய்தித்தாள் படிக்கும் யாருக்கும் புரியும். வாயால் கேட்பது என்ற பொருள் இதற்குக் கிடையாது. உங்கள் தேவை அவ்வளவுதானே?

நாகர்கோவில், ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர், செவ்வாய் காலை

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கும் குழுவினருக்கும்,

செவிமடுத்தல் பழகிய சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் அதன் உள்ளே இருக்கும் ‘மடு’வை யாராவது எண்ணிப் பார்த்தீர்களா? மடுத்தல் என்றால் உட்கொள்ளுதல், ஊட்டுதல். செவி வழியே உட்கொள்வதால் செவிமடுத்தல். சரி. அதே சொல்லைத் திருவள்ளுவர் 624-ஆம் குறளில் “மடுத்தவா யெல்லாம் பகடன்னான்” என்கிறார். அங்கே மடுத்தல் என்பது தடைப்படுதல். வண்டி மாட்டிக்கொள்ளும் இடமெல்லாம் தளராமல் இழுக்கும் காளையைச் சொல்கிறார். ஆற்றில் ஆழமாகக் குழிந்த இடமும் மடு. நீரை விழுங்கி வைத்துக்கொள்வதால் அந்தப் பெயர் வந்தது என்பது என் எண்ணம். விழுங்குவது, தடைப்படுவது, ஆழ்வது என்று மூன்றும் ஒரே அடியில் பிறந்திருக்க வேண்டும். இணைப்பை ஏற்கத் திறந்திருக்கும் ஒன்றுக்கு, தடைப்படுதல் என்ற பொருளும் தங்கியிருக்கும் வேரைத் தருவது எனக்கு ஒப்பவில்லை.

என் முன்மொழிவு நேரானது. கேள் என்ற நல்ல சொல்லைக் குற்றம் சொல்லாதீர்கள். குறளில் ‘கேள்வி’ என்ற அதிகாரம் முழுவதும் செவியைப் பற்றியது. வாயால் கேட்பதற்கு நம்மிடம் ‘வினா’ இருக்கிறது. “செப்பும் வினாவும் வழாஅல் ஓம்பல்” என்று தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் சொல்கிறது. பயனர் கணினி வினவுகிறது, சேவையகம் கேட்கிறது, பிறகு செப்புகிறது. மூன்று வினை, மூன்று சொல், குழப்பமில்லை. தொல்காப்பியம் அரங்கேறியபோது அதைக் கேட்டவர் அதங்கோட்டாசான். அந்த அதங்கோடு நம் விளவங்கோட்டுப் பக்கம் என்றே நாம் சொல்லி வருகிறோம். அந்த மண்ணிலிருந்து எழுதும் கையேட்டில் கேட்டல் என்ற சொல்லுக்கு இடமில்லை என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

குளச்சல், கணினி நிர்வாகி, செவ்வாய் மதியம்

பேராசிரியர் ஐயாவுக்கு வணக்கம். செப்பும் வினாவும் என்றதும் ஒன்று தோன்றியது. அதற்கு அடுத்த நூற்பா “வினாவும் செப்பே வினாவெதிர் வரினே” அல்லவா? கணினிகள் ஒன்றோடொன்று இணையும் முறையான டிசிபி-யில் நடப்பது ஏறக்குறைய அதுதான். இணைய வரும் கணினி ‘சின்’ என்ற முதல் பொதியை (வலையில் போகும் தரவுத் துண்டை) அனுப்புகிறது. மறுமுனை அதற்கு ஒப்புதலையும் தன் சொந்த ‘சின்’னையும் ஒரே பொதியில் அனுப்புகிறது. மறுமொழியே வினாவாகவும் இருக்கிறது. முதல் கணினி அதற்கு ஒப்புதல் தந்தால் இணைப்பு முடிந்தது.

ஆனால் இந்த மூன்று பொதிப் போக்குவரத்தில் சேவையக நிரலுக்கு வேலையே இல்லை. நிரல் மூன்று அழைப்புகளைச் செய்கிறது. முதலில் ஒரு முகவரியோடும் துறையோடும் தன்னைப் பிணைத்துக்கொள்கிறது. இரண்டாவது, நாம் சண்டையிடும் ‘லிசன்’. மூன்றாவது, வந்த இணைப்பை எடுத்துக்கொள்வது. இரண்டாவது முடிந்த கணத்திலிருந்து, வருகிறவர்களை இயங்குதளமே வரவேற்று வரிசையில் நிறுத்துகிறது. நிரல் உறைந்து கிடந்தாலும் வரிசை நிரம்பும் வரை இணைப்பு கிடைத்துவிடும், பதில்தான் வராது. ஆகவே இதில் செவியும் இல்லை, கேள்வியும் இல்லை. “இந்தத் துறைக்கு வருகிறவர்களை ஏற்கலாம்” என்ற அறிவிப்புத்தான் இருக்கிறது. ‘ஏற்கக் காத்திருத்தல்’ என்பதே செயலைச் சரியாகச் சொல்லும். போஸ்ட்கிரஸ் காட்டும் பிழைச்செய்தியும் “சேவையகம் அந்தக் கணினியில் இயங்குகிறதா, இணைப்புகளை ஏற்கிறதா” என்றுதான் விசாரிக்கிறது.

இன்னொன்று. ‘ரெஃப்யூஸ்டு’ என்பதை எல்லோரும் ‘மறுக்கப்பட்டது’ என்று எழுதுகிறார்கள். அதைப் படித்தவுடன் மாணவன் தனக்கு அனுமதி இல்லை என்று நினைக்கிறான். உண்மையில் அந்தக் கணினி உயிரோடு இருக்கிறது, அந்தத் துறையில் ஆள் இல்லை என்று உடனே சொல்லிவிடுகிறது. தீச்சுவர் (ஃபயர்வால்) பொதியைச் சத்தமில்லாமல் விழுங்கினால் பதிலே வராமல் நேரம் கடந்து போகும். போஸ்ட்கிரஸ் தன் அனுமதிப் பட்டியலைப் பார்த்து “உன் முகவரிக்கு இடமில்லை” என்று சொல்வது மூன்றாவது வகை. அதற்கு மட்டும் ‘மறுப்பு’ என்ற சொல்லை வைத்துக்கொள்ளலாம். முதல் வகைக்கு ‘கைவிரிப்பு’ என்று சொன்னால் என்ன? கடையில் சரக்கு இல்லை என்று கைவிரிப்பது போல. மூன்று சொல்லும் மூன்று வெவ்வேறு இடத்துக்கு ஆளை அனுப்பும்: கைவிரித்தால் சேவையகத்தைப் பார், பதிலே இல்லை என்றால் தீச்சுவரைப் பார், மறுத்தால் அனுமதிப் பட்டியலைப் பார்.

மார்த்தாண்டம் ஆசிரியை, செவ்வாய் மாலை

குளச்சல் தம்பி, கைவிரிப்பு அருமை. விவாதமில்லாமல் கையேட்டில் ஏற்றிவிட்டேன். ஆனால் ‘காத்திரு’ வேண்டாம். சேவையகத்தை நிறுத்தி உடனே தொடங்கும்போது, முடிந்த பழைய இணைப்புகள் ‘டைம் வெயிட்’ நிலையில் நிற்பதால் “முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில்” என்று சில நிரல்கள் எழும்ப மறுக்கின்றன. லினக்ஸில் அந்த நிலை 60 வினாடி. அதற்கு ‘நேரக் காத்திருப்பு’ என்று முதல் பகுதியிலேயே எழுதிவிட்டேன். இணைப்புகளின் நிலையைக் காட்டும் நெட்ஸ்டாட் கட்டளையின் ஒரே பட்டியலில் இரண்டு காத்திருப்புகள் அடுத்தடுத்து வந்தால் மறுபடியும் குழப்பம்தான்.

களியக்காவிளை, மென்பொருள் உருவாக்குநர், செவ்வாய் இரவு

எங்கள் பக்கத்தில் மலையாள வழியில் படித்த பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லையே இல்லை. மலையாளத்தில் ‘கேள்க்குக’ செவிக்கு மட்டும், வாயால் கேட்பதற்கு ‘சோதிக்குக’. பேராசிரியர் ஐயா விரும்பும் பிரிவினை அங்கே நடந்தே முடிந்துவிட்டது. ஆனால் தமிழில் இன்று அது நடக்காது. ‘டிக்கெட் கேள்’ என்பதை ‘டிக்கெட் வினவு’ என்று யாரும் மாற்றப்போவதில்லை.

நான் ஒரு சொல் தருகிறேன்: ‘காதோர்’. மலையாளத்தில் உற்றுக் கேட்பதற்குக் ‘காதோர்க்குக’ என்பார்கள். அதன் ‘ஓர்’ நம்முடையது. “சேவையகம் 5432-இல் காதோர்க்கிறது.” மூன்றெழுத்துச் சொல், பட்டியலிலும் பொத்தானிலும் அடங்கும். யாரோ வரப்போகிறார்கள் என்ற எதிர்பார்ப்பும் அதில் இருக்கிறது.

துறை என்பதையும் ‘கடவு’ என்று மாற்றலாமா? ஆற்றைக் கடக்கும் இடம் கடவு. கடவுச்சொல் ஏற்கெனவே இருக்கிறது.

பூதப்பாண்டி மொழிபெயர்ப்பாளர், செவ்வாய் இரவு

துறையைத் தொடாதீர்கள், கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். குழித்துறை இருக்கும் மாவட்டத்தில் துறை என்றால் என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கடவெண் என்று எழுதினால் கடவுச்சொல்லின் எண் என்றுதான் படிப்பார்கள்.

காதோர் பற்றி: எனக்குச் சம்மதமில்லை. இந்த மாவட்டத்தில் ‘ஓர்மை’ என்றால் ஞாபகம். “ஓர்மை இருக்கிறதா” என்று வீட்டில் பேசும் பிள்ளை ‘காதோர்’ என்பதை நினைவகத்தோடு சேர்த்துவிடும். கணினியில் நினைவகம் என்பது வேறு பெரிய அத்தியாயம். அதோடு மாவட்ட எல்லையான ஆரல்வாய்மொழி தாண்டினால் இந்தச் சொல் யாருக்கும் புரியாது. மொழிபெயர்ப்பு மதுரைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போக வேண்டாமா?

நாகர்கோவில் பேராசிரியர், புதன் விடியற்காலை

இரவு தூக்கம் வரவில்லை. களியக்காவிளை நண்பர் சொன்ன ‘ஓர்’ என்னை விடவில்லை.

அது மலையாளம் என்று ஒதுக்குவதை நான் ஏற்கமாட்டேன். “ஓர்ந்துகண் ணோடாது” என்பது 541-ஆம் குறள். “ஓர்த்துள்ளம் உள்ளது உணரின்” என்பது 357. பரிமேலழகர் அங்கே கேட்ட உபதேச மொழியின் பொருளை ஆராய்வதாகவே உரை சொல்கிறார். கேட்டலும் எண்ணலும் சேர்ந்த சொல் அது. நாம் தொலைத்ததை அண்டை வீட்டார் பத்திரமாக வைத்திருந்தால், திரும்ப வாங்கிக்கொள்வதில் என்ன இழிவு? தொல்காப்பியர் திசைச்சொல்லுக்கும் இடம் தந்தவர். 1956-இல் குமரி தமிழகத்தோடு சேர்ந்து எல்லை மாறியது, சொல்லுக்கு எல்லை அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

ஆனால் எனக்கு எதிராக நானே ஒரு சான்று வைக்க வேண்டும். கலித்தொகை 92-இல் “ஓர்த்தது இசைக்கும் பறை” என்று வருகிறது. கேட்பவன் மனத்தில் எதை எண்ணுகிறானோ அதையே பறை ஒலிப்பதாகத் தோன்றும் என்பது பொருள். அங்கே ஓர்த்தல் எண்ணுதல் மட்டுமே. பூதப்பாண்டி அம்மையாரின் ‘ஓர்மை’ வாதத்துக்கு இது வலு சேர்க்கிறது. நேர்மையாக ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் ‘காது’ முன்னால் நிற்பதால் பொருள் வழுவாது. ஆகவே என் கேட்டலை நான் திரும்பப் பெற்று, காதோர் பக்கம் வருகிறேன்.

ஆசிரியைக்கு ஒரு வேண்டுகோள். உள்ளூர் முகவரியில் மட்டும் திறந்திருக்கும் சேவையகத்தை விளக்கும் பக்கத்தில், “கேட்பினுங் கேளாத் தகையவே” என்ற 418-ஆம் குறளின் முதலடியைச் சேருங்கள். செவி திறந்திருக்கிறது, வெளியார் குரல் அதற்குள் போகாது. எல்லா முகவரியிலும் திறப்பதற்குப் பூங்குன்றனாரின் ‘யாவரும் கேளிர்’ என்பேன், ஆனால் அங்கே கேளிர் உறவினர். அதை வைத்தால் மூன்றாவது பொருள் நுழைந்துவிடும்.

மார்த்தாண்டம் ஆசிரியை, வியாழன் மாலை

இன்று வகுப்பில் மூன்று வாக்கியங்களைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். செவிமடுக்கவில்லை, காதோர்க்கவில்லை, ஏற்கக் காத்திருக்கவில்லை. ஒவ்வொன்றையும் படித்துவிட்டு எந்தக் கணினியின் முன்னால் போய் உட்காருவீர்கள் என்று மட்டும் கேட்டேன். முதல் வாக்கியத்துக்குப் பெரும்பாலோர் சேவையகத்துக்குப் போனார்கள். இரண்டாவதற்குக் கேரள எல்லையை ஒட்டிய விளவங்கோட்டுப் பக்கத்துப் பிள்ளைகள் தயங்காமல் போனார்கள். தோவாளைப் பக்கத்துப் பிள்ளைகள் பொருள் என்ன என்று கேட்டார்கள். மூன்றாவது வாக்கியத்தைப் படித்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள்.

கையேட்டில் ‘செவிமடு’ போகிறது. பயனர் கணினிக்குக் ‘கோரு’. கேள் என்ற வினையை இரண்டு பக்கத்துக்கும் பயன்படுத்தவில்லை. பேராசிரியர் ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும். குறள் 418 ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறது.

நாகர்கோவில் பேராசிரியர், வியாழன் இரவு

நேரம் கருதி உடன்படுகிறேன், மனம் உடன்படவில்லை. ‘மடு’ பற்றி நான் எழுப்பிய ஐயத்துக்கு ஒருவரும் விடை சொல்லவில்லை. அடுத்த பதிப்புக்கு முன்னால் இதை மீண்டும் எழுப்புவேன்.

களியக்காவிளை, வியாழன் இரவு

என் நிரல்களின் பிழைச்செய்தியில் காதோர் தொடரும்.

குளச்சல், வியாழன் நள்ளிரவு

டீச்சர், ஒன்பதாம் பக்கத்தில் ஒரு திருத்தம். செவிமடுக்கும் முகவரியை அமைப்புக்கோப்பில் மாற்றிய பிறகு, அமைப்பை மீண்டும் வாசிக்கச் சொன்னால் போதும் என்று எழுதியிருக்கிறீர்கள். அனுமதிப் பட்டியலுக்குத்தான் அது போதும். முகவரி மாறினால் போஸ்ட்கிரஸை நிறுத்தித் தொடங்கியே ஆக வேண்டும். அச்சுக்குப் போகும் முன் மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் குறளைப் படித்துவிட்டும் கைவிரிப்புத்தான் வரும்.