மக்காச்சோளத்தில் குஞ்சத்தை ஒடிக்கலாமா?

மாட்டுக்கொட்டகை:
ஆடி பிறந்தால் எங்கள் பக்கம் பசுந்தீவனத்துக்குத் திண்டாட்டம்தான். காட்டில் மக்காச்சோளம் குஞ்சம் தள்ளும் தருவாயில் நிற்கிறது. உச்சியில் வரும் அந்த ஆண் பூவை ஒடித்துப் போட்டால் மாட்டுக்குத் தீவனம் ஆச்சு, குஞ்சத்துக்குப் போகிற சத்து கருதுக்கும் (கதிருக்கும்) போகும், மேல் இலைகளுக்கு நிழலும் விலகும். ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை ஒடிக்கப் போகிறேன். ஊரில் கேட்டால் கருது மணி பிடிக்காமல் பொக்காகிவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

சோளக்காடு:
ஊர்க்காரர்கள் சொல்வதுதான் சரி அண்ணே. கருது நுனியில் தொங்கும் பட்டு நூல் ஒவ்வொன்றும் ஒரு மணிக்கு உரியது. அதில் மகரந்தம் விழாவிட்டால் அந்த இடத்தில் மணி கிடையாது. நூல் எல்லாம் ஒரே நாளில் வெளியே வருவதும் இல்லை. அடிப்பக்கத்து மணிகளின் நூல் முதலில் வரும், நுனி மணிகளுடையது கடைசியில். அதற்குள் மகரந்தம் தீர்ந்துவிட்டால் நுனி மொட்டை. தண்ணீர் பற்றாக்குறை என்றால் இன்னும் மோசம்: குஞ்சம் தன் நேரத்துக்கு வந்துவிடும், நூல் பிந்தி வரும்.

மாட்டுக்கொட்டகை:
தம்பி, ஒரு குஞ்சத்தில் பல லட்சம் மகரந்தத் துகள். ஒரு கருதில் ஐந்நூறு, அறுநூறு மணி. பாதிக் குஞ்சத்தை எடுத்தாலும் மிச்சம் கொட்டிக் கிடக்கும். பெரிய குஞ்சம் அவசியம் என்றால், பல பத்தாண்டுகளாக வந்த வீரிய ஒட்டு ரகங்களில் குஞ்சம் ஏன் சிறுத்துக்கொண்டே வருகிறது? விளைச்சல் குறைந்தா போச்சு?

சோளக்காடு:
ரகத்திலேயே சின்னதாக வருவது வேறு, கையால் ஒடிப்பது வேறு. லட்சம் என்பது கொட்டுகிற கணக்கு, பிழைக்கிற கணக்கு இல்லை. காலையில் பனி காய்ந்த பிறகு கொட்டும் மகரந்தம் கடும் வெயிலில் சீக்கிரம் செத்துவிடும். மாசிப்பட்டம் போட்டவர்களைக் கேளுங்கள், சித்திரை வெயிலில் பூத்த காட்டில் எத்தனை கருது முழுசாகப் பிடித்தது என்று.

விதைத்தோட்டம்:
குறுக்கே வருகிறேன். வீரிய ஒட்டு விதை வயலில் குஞ்சம் பிடுங்குவதுதான் எங்கள் பிழைப்பு. பொதுவாக நான்கு வரிசை பெண் செடி (விதை எடுப்பது), இரண்டு வரிசை ஆண் செடி (மகரந்தம் தருவது). பெண் வரிசைக் குஞ்சம் அத்தனையும் மகரந்தம் கொட்டும் முன்னே வெளியேற வேண்டும். எல்லாச் செடியும் ஒரே நாளில் குஞ்சம் தள்ளாது, அதனால் தினமும் விடியலில் வயலுக்குள் நுழைய வேண்டும். சோளத் தாள் கையைக் கிழிக்கும். அவசரத்தில் இழுத்தால் மேல் இலை இரண்டு மூன்று சேர்ந்து வரும், அது போனால் மகசூலும் போகும். சகோதரர் நிழல் விலகும் லாபத்தை எழுதியிருக்கிறார். இலை போகும் நஷ்டத்தையும் ஆள் கூலியையும் காணோம்.

இந்தக் கூலிக்குப் பயந்துதான் அமெரிக்காவில் குஞ்சம் இருந்தும் மகரந்தம் கொட்டாத 'டெக்சாஸ்' வகைப் பெண் செடிக்கு மாறினார்கள். 1970இல் அந்நாட்டு மக்காச்சோளத்தில் சுமார் 85 சதவீதம் அந்த வழியில் வந்தது. அந்த ஆண்டே அந்த வகையை மட்டும் பொசுக்குகிற ஓர் இலைக்கருகல் நோய் பரவி, மொத்த விளைச்சலில் ஏறக்குறைய 15 சதவீதம் அழிந்தது. மறுபடி கோடை விடுமுறைப் பள்ளிப் பிள்ளைகளை வயலில் இறக்கிக் குஞ்சம் பிடுங்கினார்கள்.

மாட்டுக்கொட்டகை:
அமெரிக்கக் கதை எனக்கு எதற்கு அக்கா? நான் விதைக்காரனா? இங்கேயே பேபிகார்ன் போடுகிறவர்கள் குஞ்சத்தை ஒடித்துக் கறவை மாட்டுக்குத்தான் போடுகிறார்கள். ஆராய்ச்சி நிலையங்களே அதைப் பரிந்துரைக்கின்றன.

சோளக்காடு:
பேபிகார்னில் மணி பிடிக்கவே கூடாது அண்ணே! நூல் எட்டிப் பார்த்த ஒன்றிரண்டு நாளில் பறித்துவிடுவார்கள். மணி வேண்டாதவர் செய்வதை மூட்டைக் கணக்கில் மணி விற்கிற நீங்கள் ஏன் செய்ய வேண்டும்?

கரிசல் பால்காரர்:
யாரும் பேசாத ஒன்று. 2018இல் படைப்புழு வந்த பிறகு மக்காச்சோளத்தில் எல்லாரும் குருத்துக்குள்தான் மருந்து விடுகிறோம். குஞ்சம் வெளியே வரும்வரை அந்தக் குருத்துக்குள்தானே சுருண்டு கிடக்கிறது? அதை ஒடித்துக் கறவை மாட்டுக்குப் போட்டு, பாலை வீட்டுப் பிள்ளைக்குக் கொடுப்பீர்களா?

விதைத்தோட்டம்:
நல்ல கேள்வி. மருந்து டப்பாவில் காத்திருக்க வேண்டிய நாள் போட்டிருக்கும். அது தாண்டாத எதையும் மாட்டுக்குப் போடக் கூடாது.

மாட்டுக்கொட்டகை:
மருந்து விஷயம் நியாயம். டப்பா இருக்கிறது, தேதி பார்த்துவிட்டே கை வைப்பேன். ஆனால் வரிசை விட்டு வரிசை ஒடிப்பதில் மாற்றம் இல்லை. அதுவும் முழுக் காட்டில் இல்லை, ஓர் ஓரத்தில் கால் ஏக்கர். மூட்டை கட்டும்போது ஒடித்த பக்கத்தையும் ஒடிக்காத பக்கத்தையும் தனித்தனியாக எடை போடுகிறேன். அப்புறம் பேசுவோம்.

சோளக்காடு:
சரி, வீம்புக்குப் பதில் சொல்வானேன். ஆனால் எந்த ஓரம் என்று யோசித்துச் செய்யுங்கள். ஆடிக்காற்று மேற்கிலிருந்து அடிக்கும். மேற்கு ஓரத்தில் ஒடித்தால் மகரந்தம் கொண்டுவர அந்தப் பக்கம் வேறு செடி இல்லை. கிழக்கு ஓரத்தில் ஒடித்தால் உங்கள் காடு முழுவதும் சேர்ந்து அந்தக் கால் ஏக்கரைக் காப்பாற்றும், எடையும் உங்களுக்குச் சாதகமாகத்தான் வரும். எனக்கு நடுக்காட்டு எடைதான் வேண்டும்.